குடல் அழற்சி நோய்க்குச் சீன மருத்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடலின் உட்தோலில் புண் உண்டாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வந்து, குடல் சுவரை முழுத் தடிமனுக்கும் தாக்கக்கூடியது க்ரோன் நோய். இரண்டையும் சேர்த்தே குடல் அழற்சி நோய் என்கிறோம். மெசலமைன், ஸ்டீராய்டு, அசாதயோபிரின் என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்கள் சீன மருத்துவத்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சின்சே எனப்படும் சீன மருத்துவரின் கடை தெருவுக்கு ஒன்று இருக்கும் சிங்கப்பூர், மலேசியாவில் இந்தக் கேள்வி இன்னும் அதிகம். வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

சீன மருத்துவ நூல்களில் இந்த நோய் இருக்கிறதா?

இதே பெயரில் இல்லை. குடலுக்குள் பார்க்கக் கருவி இல்லாத காலத்தில், வெளியே தெரிந்ததை வைத்துப் பெயர் வைத்தார்கள். ஹுவாங் தி நெய் ஜிங் என்ற மிகப் பழைய நூலில் 'சாங் பி' என்று வருவது சளியும் இரத்தமுமாக மலம் போவதைக் குறிக்கிறது. பின்னால் 'லி ஜி' என்ற பெயர் நிலைத்தது. நம் வழக்கில் அது சீதபேதி, வயிற்றுக்கடுப்பு. அதில் ஒரு வகைக்கு 'சியூ ஷி லி' என்று பெயர். 'ஓய்வெடுக்கும் கடுப்பு' என்று பொருள். சில மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, மறுபடி கிளம்புவது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் 'லி ஜி' என்ற பெயருக்குள் கிருமியாலும் அமீபாவாலும் வரும் கடுப்பும் அடங்கும். கிருமிக் கடுப்பில் பல ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். அதனால் ஒரு கஷாயம் இரத்தக் கடுப்பை நிறுத்தும் என்று பழைய நூல் புகழ்ந்தால், அது எந்தக் கடுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கொலோனோஸ்கோபி, திசுப் பரிசோதனை, மலப் பரிசோதனை எல்லாம் முடிந்து நோயின் பெயர் உறுதியான பிறகுதான் சின்சேவிடம் போக வேண்டும். இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு. குடல் காசநோய் பார்ப்பதற்கு அப்படியே க்ரோன் மாதிரி இருக்கும். காசநோய்க்குக் கஷாயம் குடித்துக்கொண்டு மாதங்களைக் கழித்தால் நஷ்டம் பெரிது.

ஒரே நோய்க்கு என் நண்பருக்கு ஒரு மருந்து, எனக்கு வேறு மருந்து. ஏன்?

சீன மருத்துவர் மருந்து கொடுப்பது நோயின் பெயருக்கு இல்லை, அன்றைக்கு உடம்பு காட்டும் கோலத்துக்கு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அதிகம் காணப்படுவது 'பெருங்குடலில் ஈரச்சூடு'. இரத்தமும் சளியும் போகும், ஆசனவாய் எரியும், போய்விட்டு வந்தும் போகாத மாதிரி முக்கல் இருக்கும், நாக்கு சிவந்து அதன் மேல் மஞ்சளாகப் பிசுபிசுப்பான படிவு தெரியும், நாடி வேகமாக ஓடும். நோய் தீவிரமாக இருக்கும் காலத்துக் கோலம் இது.

நோய் ஓரளவு அடங்கியபின் தெரிவது 'மண்ணீரல் பலவீனம்'. சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்பது செரிமான சக்தி முழுவதற்கும் பெயர், நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு அல்ல. மலம் இளகலாகப் போகும், சாப்பிட்டதும் வயிறு உப்பும், களைப்பு வரும், வெளிறிய நாக்கின் ஓரங்களில் பல் பதிந்த தடம் இருக்கும். விடியற்காலையில் வயிறு குடைந்து ஓட வைத்து, கைகால் சில்லிட்டுப்போனால் 'மண்ணீரல், சிறுநீரகம் இரண்டிலும் சூடு குறைவு'. கவலையோ கோபமோ வந்தால் உடனே வயிறு வலித்து மலம் போய், போனதும் வலி குறைந்தால் 'கல்லீரல் மண்ணீரலை அமுக்குகிறது' என்பார்கள்.

ஆகவே நண்பரின் மருந்துச்சீட்டைக் கடன் வாங்காதீர்கள். ஈரச்சூட்டுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்துகளை மண்ணீரல் பலவீனத்தில் சாப்பிட்டால் பேதி அதிகமாகும். சீன மருத்துவமே இதைத் தெளிவாக எச்சரிக்கிறது.

எந்தெந்தக் கஷாயங்கள் கொடுப்பார்கள்? அவற்றில் என்ன இருக்கும்?

தீவிர ஈரச்சூட்டுக்கு முதலில் நினைவுக்கு வருவது பாய் தௌ வெங் தாங். ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன மருத்துவர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தது. நான்கே சரக்கு. இன்றைய பாடநூல் அளவில் பாய் தௌ வெங் வேர் 15 கிராம், ஹுவாங் பாய் பட்டை 12, சின் பி பட்டை 12, ஹுவாங் லியான் கிழங்கு 6 கிராம். ஹுவாங் லியான், ஹுவாங் பாய் இரண்டிலும் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் பெர்பெரின். நம் மரமஞ்சளிலும் அதுவே இருக்கிறது.

வலியும் முக்கலும் அதிகமாக இருந்தால் ஷாவ் யாவ் தாங். 12ஆம் நூற்றாண்டு மருத்துவர் லியூ வான்சுவின் சூத்திரம். இரத்தத்தை ஓட வைத்தால் சீழ் தானாக ஆறும், சி என்னும் உயிர்க்காற்றைச் சீராக்கினால் முக்கல் தானாக நீங்கும் என்பது அவர் கணக்கு. இதில் பெரும்பங்கு ஷாவ் யாவ் வேர். கூடவே டங் குவெய், ஹுவாங் லியான், ஹுவாங் சின், தா ஹுவாங் வேர், இலவங்கப்பட்டை, அதிமதுரம், மு சியாங், பாக்கு. மு சியாங் நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கோஷ்டம்தான். தா ஹுவாங் பேதி மருந்து. பேதிக்குப் பேதி மருந்தா என்று ஆச்சரியப்படுவீர்கள். தேங்கிய ஈரச்சூட்டை வெளியேற்றவே சேர்க்கிறார்கள், சில நாளுக்கு மட்டும். மாதக்கணக்கில் ஓட்டினால் பொட்டாசியம் குறையும். பாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் நீண்ட காலச் சூத்திரத்தில் பாக்கை எடுத்துவிடும்படி கேட்பதில் தவறில்லை.

நோய் அடங்கிய காலத்துக்கு ஷென் லிங் பாய் ஜு சான். இது மென்மையானது. ஜின்செங், ஃபு லிங், பாய் ஜு, சீன வள்ளிக்கிழங்கு, தாமரை விதை, வெள்ளை மொச்சை, சீனப் பார்லி என்று கடையில் விற்கும் யி யி ரென், ஷா ரென், ஜியே கெங், அதிமதுரம். பாதி மருந்து, பாதி உணவு.

விடிகாலைப் பேதிக்கு ஸி ஷென் வான் என்ற உருண்டை. ஜாதிக்காய், வு வெய் ஸி, வு ஜு யு, பு கு ஜி. கடைசியாகச் சொன்ன பு கு ஜி நமக்குத் தெரிந்த கார்போகரிசி. கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் இதற்கு உண்டு, வெயில் பட்டால் தோலும் எரியும். நாட்டு மருந்தாகவும் கார்போகரிசி சாப்பிடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துவிடக் கூடாது.

ஒன்றைத் தனியாக எச்சரிக்க வேண்டும். நாள்பட்ட பேதிக்கான சில பழைய சூத்திரங்களில் யிங் சு கே, அதாவது கசகசாச் செடியின் காய்த்தோல் சேரும். அபினின் குணம் அதில் உண்டு. புண் தீவிரமாக இருக்கும்போது குடலின் அசைவைக் கட்டினால் பெருங்குடல் ஊதிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கஷாயத்தை வீட்டில் எப்படிக் காய்ச்சுவது?

மண்சட்டி, பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் எதுவும் சரி. இரும்பும் அலுமினியமும் வேண்டாம், துவர்ப்புச் சரக்குகள் அவற்றோடு வினைபுரியும். சரக்கை லேசாக அலசி, அதற்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஊறாத சரக்கு உள்ளே வேகாது. பெரிய தீயில் கொதி வந்ததும் தீயைத் தணித்து 25, 30 நிமிடம். வடித்துவிட்டு, அதே சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றி 20 நிமிடம். இரண்டு வடிநீரையும் கலந்தால் சுமார் 300 முதல் 400 மில்லி தேற வேண்டும். அதைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். மு சியாங், ஷா ரென் போன்ற வாசனைச் சரக்கைக் கடைசி 5 நிமிடத்தில்தான் போட வேண்டும், ஆரம்பத்திலேயே போட்டால் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். ஃபு ஸி என்ற பதப்படுத்திய நாவி வேர் சீட்டில் இருந்தால், அதை மட்டும் முதலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தனியாகக் கொதிக்க வைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். குறைவாகக் காய்ச்சினால் நாக்கு மரத்து, இதயத் துடிப்பு தாறுமாறாகும். மூன்றாவது, இரத்தம் நிற்கக் கொடுக்கும் சான் சி பொடியையும் சிங் தாய் என்ற நீலப்பொடியையும் கஷாயத்தோடு சேர்த்துக் கொதிக்க வைப்பது. சான் சியைக் கஷாயத்தில் கலக்கி விழுங்க வேண்டும். சிங் தாய் தண்ணீரில் கரையவே கரையாது.

அடி பிடித்துக் கருகிய கஷாயத்தைக் கொட்டிவிடுங்கள். மறுபடி தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

சிங் தாய் என்று ஒரு நீலப்பொடி. அதுதான் அதிசய மருந்து என்கிறார்களே?

சீன மருந்துகளில் இந்த நோய்க்கு மிக வலுவான ஆதாரம் இருப்பது இதற்குத்தான். மிகக் கவனமாக இருக்க வேண்டியதும் இதில்தான்.

ஸ்ட்ரோபிலாந்தஸ் போன்ற நீலம் தரும் செடிகளின் இலையைத் தண்ணீரில் அழுக வைத்து, சுண்ணாம்பு சேர்த்துக் கடைவார்கள். மேலே ஊதா நுரை திரளும். அதை வழித்துக் காயவைத்தால் சிங் தாய். கையில் எடுத்தால் மை மாதிரி ஒட்டும், தண்ணீரில் தூவினால் மிதக்கும். இதிலுள்ள இண்டிகோவும் இண்டிருபினும் குடலின் உட்சுவரில் உள்ள ஏஎச்ஆர் என்ற ஏற்பியைத் தூண்டுகின்றன. அதனால் ஐஎல்-22 என்ற பொருள் சுரந்து புண்ணின் மேல் புதுத்தோல் வளர்கிறது.

ஜப்பானில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 86 பேர் கலந்துகொண்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் 8 வாரம் மருந்து கொடுத்தார்கள். மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்தில் 13.6 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. தினம் அரை கிராம் சிங் தாயில் 69.6, ஒரு கிராமில் 75, இரண்டு கிராமில் 81 சதவீதம். புண் ஆறியதும் கொலோனோஸ்கோபியில் தெரிந்தது.

ஆனால் அந்த ஆய்வைத் திட்டமிட்ட எண்ணிக்கை வரும் முன்பே நிறுத்தினார்கள். ஆய்வுக்கு வெளியே, தானாகவே வாங்கி ஆறு மாதம் சாப்பிட்ட ஒருவருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஏறியது தெரியவந்ததுதான் காரணம். 2016 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அந்த அழுத்தம் ஏறினால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகும். தலைவலி, கல்லீரல் நொதி உயர்வு, குடல் குடலுக்குள் செருகிக்கொள்வது ஆகியவையும் பதிவாகியிருக்கின்றன.

ஆகவே சிங் தாய் எடுத்தே ஆக வேண்டும் என்றால் இப்படித்தான்: குடல் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தொடங்கும் முன் இதய எக்கோவும் கல்லீரல் பரிசோதனையும் எடுத்திருக்க வேண்டும், காலம் வாரக்கணக்கில் இருக்க வேண்டும், மாதக்கணக்கில் அல்ல. இடையில் மாடிப்படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, கண் இருட்டுகிறது என்றால் அன்றே நிறுத்தி எக்கோ எடுங்கள். திடீரென்று வயிறு முறுக்கி வலித்தால் ஸ்கேன். மலம் கருநீலமாகப் போவது மட்டும் இயல்பு. ஆனால் அந்த நிறம் மலத்தில் கலந்து வரும் இரத்தத்தை மறைத்துவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நோயாளிகள் வழுக்குவது எங்கே என்றால், நான்காம் வாரத்தில் இரத்தம் நின்றுவிடுகிறது. வருடக்கணக்கில் கிடைக்காத நிம்மதி அது. அப்புறம் நிறுத்த மனம் வராது. சக்தி உள்ள மருந்து என்பதால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

தலைக்குப் பூசும் அவுரிப் பொடியைச் சாப்பிடலாமா? அதுவும் இண்டிகோதானே?

கூடாது. கடையில் விற்கும் அவுரிப் பொடி காய்ந்த இலையின் பொடி. செடியும் வேறு, செய்முறையும் வேறு. அழகுப்பொருளாக விற்பதால் உள்ளுக்குச் சாப்பிடும் தரத்தில் உலோகமோ கிருமியோ பார்த்திருக்க மாட்டார்கள். சில பொட்டலங்களில் ரசாயனச் சாயமும் கலந்திருக்கும்.

நிலவேம்பைச் சீனாவிலும் கொடுக்கிறார்களாமே?

ஆமாம். அங்கே அதற்குச் சுவான் சின் லியான் என்று பெயர். அதன் சாற்றை எச்எம்பிஎல்-004 என்ற பெயரில் மருந்தாக்கிச் சோதித்தார்கள். மிதமான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள 224 பேரில் 8 வாரத்தில் வெற்று மருந்துக்கு 40 சதவீதம், தினம் 1,200 மில்லிகிராமுக்கு 45, 1,800 மில்லிகிராமுக்கு 60 சதவீதம் பேருக்குப் பலன். 2013இல் இது வெளியானபோது நம்பிக்கை பிறந்தது. அதற்கடுத்த பெரிய ஆய்வில் பலன் தெரியாது என்பது இடைக்கணக்கிலேயே தெளிவானதால் 2014இல் நிறுத்திவிட்டார்கள். நம் நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு இருக்கிறது, அளவும் வேறு. அந்த ஆய்வைக் காட்டி இதைக் குடிக்கச் சொல்வது பொருந்தாது.

கஷாயத்தை எனிமாவாக ஏற்றுவது பலன் தருமா?

புண் மலக்குடலிலும் பெருங்குடலின் இடது பக்கத்திலும் மட்டும் இருந்தால் இது நியாயமான வழி, ஏனென்றால் மருந்து நேராகப் புண்ணில் படுகிறது. மெசலமைன் எனிமாவின் தத்துவமும் இதுதான். க்ரோன் நோயில் சிறுகுடலில் இருக்கும் புண்ணுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

சீன மருத்துவமனைகளில் 100 முதல் 150 மில்லி கஷாயத்தை நன்றாக வடிகட்டி, 38 முதல் 40 டிகிரி சூட்டில், இரவு படுக்கும் முன், மலம் போய்விட்டு வந்தபின் ஏற்றுகிறார்கள். இடது பக்கமாகப் படுத்து, இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, மெல்லிய குழாய்க்கு எண்ணெய் தடவிச் செருகி, சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். இடது பக்கம் கொஞ்ச நேரம், மல்லாந்து கொஞ்ச நேரம் என்று கிடந்து குறைந்தது இரண்டு மணி நேரம் உள்ளே நிறுத்த வேண்டும். விடியும்வரை நின்றால் இன்னும் நல்லது.

உடனே வெளியே வந்துவிடுகிறது என்றால் அளவு அதிகம், சூடு போதவில்லை அல்லது வேகமாக ஏற்றியிருக்கிறீர்கள். 50 மில்லியில் தொடங்கி ஏற்றலாம். குழாய் போகும்போது தடை பட்டால் அழுத்தவே கூடாது. அழற்சி உள்ள குடல் சுவர் மெலிந்திருக்கும், ஓட்டை விழும். வீட்டில் காய்ச்சிய கஷாயம் கிருமியற்றது அல்ல என்பதால் அன்றன்று காய்ச்சியதையே பயன்படுத்த வேண்டும். தீவிர இரத்தப்போக்கு இருந்தாலோ, மூலம் அறுவை செய்து ஆறாமல் இருந்தாலோ வேண்டாம்.

ஷி லெய் சான் என்ற பொடியையும் எனிமாவில் கலப்பார்கள். அதன் பழைய சூத்திரத்தில் சிங் தாய், முத்து, பனிக்கற்பூரம், கோரோசனையோடு யானைத் தந்தத் தூளும் மனித நகமும் இருந்தன. அதில் சிங் தாய் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வாயால் ஒன்று, எனிமாவில் ஒன்று என்று இரட்டிப்பாகிவிடக் கூடாது.

அக்குபஞ்சரும் மோக்ஸாவும்?

க்ரோன் நோயில் ஆச்சரியப்படும்படியான ஆய்வு ஒன்று ஷாங்காயிலிருந்து 2022இல் வந்தது. மருந்துக்குச் சரியாக அடங்காத, மிதமான நோய் உள்ள 66 பேர். வாரம் மூன்று முறை, 12 வாரம். அசல் சிகிச்சை பெற்றவர்களில் 42.4 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, போலி ஊசி வைத்தவர்களில் 12.1 சதவீதம். ஒரே குழுவின் சிறிய ஆய்வு என்பதை மறக்கக் கூடாது.

வழக்கமான இடங்கள்: தொப்புளுக்கு இருபுறமும் இரண்டு சுன் தள்ளி தியான் ஷு, முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து மூன்று சுன் கீழே ஜு சான் லி, அதற்கும் மூன்று சுன் கீழே ஷாங் ஜு ஷு. ஒரு சுன் என்பது அந்த நோயாளியின் கட்டைவிரல் கணுவின் அகலம். ஷாங் ஜு ஷு பெருங்குடலுக்கே உரிய இடம் என்பது சீன மருத்துவக் கணக்கு.

மோக்ஸாவில் ஆய் என்ற செடியின் காய்ந்த இலையைப் பஞ்சாக அடித்து எரிப்பார்கள். நம் மாசிபத்திரிக்கு உறவான செடி. ஷாங்காய் முறையில் ஹுவாங் லியான், ஃபு ஸி, இலவங்கப்பட்டை போன்றவற்றின் பொடியை அரிசி ஒயினில் பிசைந்து, அரை சென்டிமீட்டர் தடிமனில் சின்ன வடை மாதிரித் தட்டி வயிற்றின் மேல் வைத்து, அதன்மேல் பஞ்சுக் கூம்பைப் பற்ற வைக்கிறார்கள். சூடு அந்த வடையின் வழியே இறங்கித் தோல் சிவக்க வேண்டும், கொப்புளிக்கக் கூடாது. நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களின் தோல் மெலிந்து சீக்கிரம் சுட்டுவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். அசாதயோபிரினோ இன்ஃப்ளிக்சிமாபோ எடுப்பவர்களுக்குச் சின்னத் தொற்றும் பெரிதாகும்.

தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் என்ற பெயரில் ஒரே புள்ளியைத் தொட்டுவிட்டு, எல்லா மருந்தையும் பரிசோதனையையும் நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

லெய் கோங் தெங் கொடுத்தால் சாப்பிடலாமா?

'இடிக்கடவுளின் கொடி' என்று பெயர். நோய் எதிர்ப்பை அடக்கும் உண்மையான சக்தி இதற்கு உண்டு. க்ரோன் நோயில் அறுவைக்குப் பின் திரும்ப வராமலிருக்கச் சீனாவில் சோதித்திருக்கிறார்கள். விலை என்னவென்றால் ஆணுக்கு விந்தணு குறையும், பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும், கல்லீரல், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை மூன்றும் பாதிக்கப்படலாம். வேர்ப்பட்டையும் இலையும் கொடிய விஷம், இறந்தவர்களும் உண்டு. இதைப் பொட்டலமாக வாங்கி வீட்டில் காய்ச்சவே கூடாது. குழந்தை பெற நினைப்பவர்களுக்கு மாத்திரையாகவும் வேண்டாம்.

நான் சாப்பிடும் ஆங்கில மருந்தோடு எது மோதும்?

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டோடு அதிமதுரம் மோதும். இரண்டும் பொட்டாசியத்தை இறக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும். பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் மூன்று வழியில் இறங்குகிறது. ஏறக்குறைய எல்லாக் கஷாயத்திலும் அதிமதுரம் இருக்கும் என்பதால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஹுவாங் லியானின் பெர்பெரின் இரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவை உயர்த்தும். சைக்ளோஸ்போரினை உடைக்கும் அதே நொதியால்தான் டோஃபாசிட்டினிபும் உடைகிறது என்பதால் அதற்கும் எச்சரிக்கை தேவை. ஸி ஷென் வானில் உள்ள வு வெய் ஸி, டாக்ரோலிமஸ் அளவைப் பல மடங்கு ஏற்றும். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு டங் குவெய் இரத்தத்தை மேலும் இளக்கும். அசாதயோபிரினே கல்லீரலையும் வெள்ளணுக்களையும் பாதிக்கக்கூடியது. அதோடு கல்லீரலைத் தொடும் மூலிகையும் சேர்ந்தால், நொதி உயரும்போது எது காரணம் என்று பிரித்தறிய முடியாமல் இரண்டையும் நிறுத்த நேரிடும்.

சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் குறையான ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு சொல். பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததால் ஹுவாங் லியானைச் சிங்கப்பூர் 1978இல் தடை செய்தது, 2013இல்தான் தடையைத் தளர்த்தியது. உங்களுக்கு அந்தக் குறைபாடு இருந்தால் சின்சேவிடமும் சொல்லுங்கள், குடல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சல்ஃபாசலசினும் அவர்களுக்கு ஆகாது.

கஷாயம் வேலை செய்கிறது. மெசலமைனை விட்டுவிடலாமா?

வேண்டாம். இந்த ஆய்வுகளில் பலவற்றில் பழைய மருந்தைத் தொடர்ந்துகொண்டேதான் இதைச் சேர்த்தார்கள். சீன மருத்துவமனைகளிலும் நடைமுறை அதுவே.

கடையில் சரக்கு சரியானதா என்று எப்படி அறிவது?

பெயர் மாறாட்டம்தான் மிகப் பெரிய ஆபத்து. இரத்தம் நிற்கக் கொடுக்கும் சான் சி ஒரு வகை ஜின்செங் வேர். து சான் சி என்பது பெயரில் மட்டும் உறவு, கல்லீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைத்து வயிற்றில் நீர் கோத்துக்கொள்ள வைக்கும். அதேபோல் மு சியாங் சரி, சிங் மு சியாங் கூடாது. பின்னது ஆடுதீண்டாப்பாளை இனத்தின் வேர். அந்த இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்துப் புற்றுநோயையும் வரவழைக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரையில் ஒரு சீன வேருக்குப் பதில் இந்த இனத்து வேர் புகுந்து, நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது.

சிங்கப்பூரில் மருத்துவர் பாரம்பரியச் சீன மருத்துவர் வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். மலேசியாவில் மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி 'டி' (T) என்று முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். பெயரில்லாத கறுப்பு உருண்டை இரண்டே நாளில் பேதியை நிறுத்திப் பசியையும் கிளப்பினால், ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன்.

தா ஹுவாங், டங் குவெய், யி யி ரென், சிங் தாய், லெய் கோங் தெங் எதுவும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் நோய் கிளம்புவதுதான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. மெசலமைன் போன்ற வழக்கமான மருந்தைப் பயந்து நிறுத்தாதீர்கள்.

எப்போது எல்லாவற்றையும் விட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு மலம் போகிறது, அதோடு நாடி நிமிடத்துக்கு 90ஐத் தாண்டுகிறது, அல்லது காய்ச்சல் 37.8 டிகிரிக்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ். 1955இலிருந்து மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் இது. இந்த நிலை வந்தால் கஷாயமும் இல்லை, எனிமாவும் இல்லை. க்ரோன் உள்ளவர்களுக்கு வாந்தியோடு வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் நின்றால் குடல் அடைப்பு. அதற்கும் அப்படியே.

எத்தனை நாள் பார்ப்பது? பலன் இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

எட்டு வாரம். அதற்குள் மாற்றம் இல்லையென்றால் அந்தச் சூத்திரம் உங்களுக்கு இல்லை. உடம்பு சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், வலி குறைந்தும் புண் அப்படியே இருக்கலாம். தொடங்கும் முன் மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவு எடுத்து வையுங்கள், எட்டாம் வாரம் அதே ஆய்வுக்கூடத்தில் மறுபடி எடுங்கள். கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது 150க்குக் கீழே வந்தால் உள்ளே உண்மையாகவே ஆறுகிறது. பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரை சாப்பிட்டிருந்தால் அளவு பொய்யாக உயரும். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை இரண்டாம் வாரம், நான்காம் வாரம், பிறகு மாதம் ஒரு முறை.

ஒரே நேரத்தில் இரண்டு புதிய மருந்தைத் தொடங்காதீர்கள். சின்சேவிடம் ஒவ்வொரு சரக்கின் பெயரும் கிராம் அளவும் எழுதிய சீட்டு வாங்கி, ஒரு நகலைக் குடல் மருத்துவரின் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். சீட்டு தர மறுத்தால் அந்த மருந்தை வாங்க வேண்டாம். நோய் தொடங்கி எட்டு ஆண்டு ஆகிவிட்டால், எவ்வளவு நன்றாக இருந்தாலும், புற்றுநோய் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கான தேதியை அதே கோப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.